நன்னாரிப் பாகும் ஒரு பூஞ்சையும்

நான் காய்ச்சும் நன்னாரிப் பாகு நாலு நாளில் அடியில் கற்கண்டாய் உறைந்துவிடும். இந்த முறை அம்மா சொன்னபடி கிலோ சர்க்கரைக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டேன். பத்து நாளாகியும் தெளிவாக இருக்கிறது. அமிலத்தோடு கொதிக்கும்போது சர்க்கரையில் கொஞ்சம் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிவதால் படிகம் கட்டுவதில்லையாம். ஜாம் பாட்டிலில் 330 என்று போட்டிருப்பதும் இந்த சிட்ரிக் ஆசிட்தான்.

எலுமிச்சையிலிருந்து எடுப்பதாகத்தான் நினைத்திருந்தேன். 1784இல் வேதியியலாளர் ஷீலே அப்படித்தான் பிரித்தெடுத்தார். ஆனால் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சை சர்க்கரையைத் தின்று இதைத் தாராளமாகத் தருவதை 1917இல் வேதியியலாளர் ஜேம்ஸ் கரி காட்டினார். இன்று ஆலைகளில் பெரும்பாலும் அந்த வழிதான்.

அம்மாவிடம் சொன்னேன். "பூஞ்சையா? அப்பாகிட்ட சொல்லிடாதே" என்றார். அப்பா அப்போது இரண்டாவது டம்ளர் சர்பத்தில் இருந்தார்.