தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே

நவம்பர் 3, 2025

ஜூரி இன்று பின்னேரம் முடிவு சொன்னது. கொலைக் குற்றம் இல்லை. மான்ஸ்லாட்டர், அதாவது கொலைக்கு அடுத்த படியிலுள்ள உயிர்ச்சேதக் குற்றம். தண்டனை 14ஆம் திகதி.

வன்முறையில் உறவை இழந்த குடும்பங்களோடு இங்கிலாந்துக் கோர்ட்டுகளுக்குத் துணைக்குப் போகிறேன். இந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டும் எதையும் எழுதமாட்டேன். ஒன்பது வருடக் கல்யாணம். மாடிப்படி உச்சியில் வைத்துக் கணவன் அவள் முகத்தில் குத்தித் தள்ளினான். தலை அடிபட்டு, ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

வெளியே வந்ததும் அவளுடைய அம்மா கேட்டார்: "ஏன் பிள்ளை, அவன் அடிச்சுத்தானே என்ர மகள் செத்தவள்? பிறகென்னெண்டு கொலை இல்லையெண்டு சொல்லீனம்?"

கொல்ல வேண்டும், அல்லது மிகக் கடுமையான காயம் உண்டாக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நேரத்தில் இருந்தது நிரூபிக்கப்பட்டால்தான் இங்கே அது கொலை. ஜூரிக்கு அந்த நிச்சயம் வரவில்லை. கொலையென்றால் ஆயுள் தண்டனை கட்டாயம். மான்ஸ்லாட்டருக்கு உச்சம் ஆயுள், ஆனால் இத்தனை வருடமாவது கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் கீழெல்லை இல்லை. இனி எல்லாம் நீதிபதி கையில். இதைச் சொல்லி முடிக்கும்போது அம்மா என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 5

தண்டனைக்கு முன் குடும்பம் தன் இழப்பை எழுதிக் கொடுக்கலாம், கோர்ட்டில் வாசிக்கவும் கேட்கலாம். அம்மா எழுதி வைத்திருந்ததில் முதல் வரியே "அவனுக்கு 25 வருசம் குடுக்க வேணும்". பொலிஸ் அதிகாரி மெதுவாக விளக்கினார்: என்ன இழந்தோம் என்று சொல்லலாம், எத்தனை வருடம் என்ற விருப்பத்தை நீதிபதி கணக்கில் எடுக்க மாட்டார்.

அந்த 25 ரீவிச் செய்தியில் அம்மா கேட்டது. கொல்வதற்கு வெளியிலிருந்து கத்தி கொண்டுபோனவனுக்கு, ஆயுள் தண்டனையில் குறைந்தபட்சக் காலத்தைக் கணக்கிட 25 வருடத்திலிருந்து தொடங்குவார்கள். அதே கத்தி அந்த வீட்டுச் சமையலறையிலேயே கிடந்ததென்றால் பொதுவாக 15. வீட்டுக்குள் சாகும் பெண்ணைக் கொல்ல வெளியிலிருந்து கத்தி கொண்டுவர வேண்டிய தேவையே இல்லையே! மகள்மாரை இழந்த இரண்டு தாய்மார் இதை எதிர்த்துப் போராடினார்கள். 2023இல் கிளேர் வேட் என்ற மூத்த வழக்கறிஞரின் ஆய்வறிக்கை வெளிவந்தது. அதன் பிறகு, 2024இல், இறந்தவரைக் கட்டுப்படுத்தி வதைத்த வரலாறு கொலைத் தண்டனையைக் கூட்டும் காரணமாகச் சட்டத்தில் சேர்ந்தது. 15க்கும் 25க்கும் இடையிலான அந்த வித்தியாசம் எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை.

அம்மாவின் தாளில் இன்னொரு பந்தியும் இருந்தது. அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் மகள் ஃபோன் எடுப்பாள். கழுத்து மறையச் சட்டை போட்டிருப்பாள். அதையும் எடுத்துவிடச் சொன்னார்கள்: குற்றச்சாட்டு சாட்சியம் வழியாகத்தான் வர வேண்டும், இழப்பு அறிக்கை வழியாக அல்ல. விதி புரிகிறது. ஆனாலும் அந்தத் தாளை அவர் நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நவம்பர் 8

தூக்கமில்லை. கணவனைக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியா என்ற பெண்ணின் வழக்கில் வந்த 1992 மேன்முறையீட்டுத் தீர்ப்பைத் திரும்ப எடுத்து வாசித்தேன். பத்து வருட அடி, உதை, மிரட்டல். 1989 மே மாதம் ஓர் இரவு, தூங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீ வைத்தார். அவன் சில நாளில் இறந்தான். கொலைக் குற்றவாளி என்று ஆயுள் தண்டனை. அன்றைய சட்டம் 'திடீரென்று' கட்டுப்பாட்டை இழந்தாயா என்றுதான் கேட்டது. பத்து வருடத்தைத் திடீர் என்று யார் சொல்வார்கள்? சவுத்ஹோல் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு அவருக்காகப் போராடியது. மனநிலை பாதிப்பைக் காரணமாகக் கொண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்துச் செய்தது. பிறகு மான்ஸ்லாட்டர் ஏற்கப்பட்டு, 3 வருடம் 4 மாதம். அதை அவர் ஏற்கெனவே சிறையில் கழித்துவிட்டிருந்ததால் விடுதலை. 'திடீர்' என்ற நிபந்தனை 2010இல்தான் சட்டத்திலிருந்து போனது.

அவர் உயிரோடு இருந்தார். தன் பத்து வருடத்தைத் தன் வாயால் சொல்ல முடிந்தது. நம் பிள்ளைக்கு அது இல்லை. அவள் கதையை அந்த ஒரு நிமிடமாகச் சுருக்குவது எதிர்த்தரப்புக்குச் சுலபம். ஒன்பது வருடத்தையும் கோர்ட் பார்க்க வேண்டும். எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

நவம்பர் 11

அரசுத் தரப்பு வழக்கறிஞரைச் சந்தித்தோம். 2018 நவம்பரிலிருந்து மான்ஸ்லாட்டருக்குத் தண்டனை வழிகாட்டி இருக்கிறது. இந்த மாதிரி வழக்கில் நாலு படிகள்: 18, 12, 6, 2 வருடத்தில் தொடங்கும். உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து வருமென்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும் என்றால் 12. எதிர்த்தரப்பு 6 கேட்கும். அப்புறம், விசாரணைக்கு முன்பே மான்ஸ்லாட்டரை ஒப்புக்கொள்ள அவன் முன்வந்திருந்தான், அதற்கும் கழிவு உண்டு.

நவம்பர் 14

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "ஒரு கணத்தில் நடந்தது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நல்ல வேலைக்காரன், பழைய தண்டனை எதுவும் இல்லை, மனம் வருந்துகிறான். அம்மா முன்னால் இருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி அவசரப்படவில்லை. டொக்டரின் பழைய குறிப்பு ஒன்றை எடுத்தார்: விலா எலும்பு முறிவு, காரணம் 'விழுந்தது'. அடுத்தது பக்கத்து வீட்டுப் பெண் பொலிஸுக்கு எடுத்த அழைப்பு. பிறகு தங்கைக்கு அவள் அனுப்பிய மெசேஜ்கள். இறந்தவர் சொல்லிவைத்ததைச் சாட்சியமாக ஏற்க 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருப்பதால் அவை விசாரணையிலேயே வந்திருந்தன. கழுத்தைப் பிடித்தது பற்றி ஒரு மெசேஜ். அதை நீதிபதி முழுதாக வாசித்தபோது அம்மா தலை நிமிர்ந்தார். தாளில் எழுதவிடாத விஷயம், மகளின் சொல்லாகவே கோர்ட்டில் கேட்டது.

தொடக்கம் 12. வன்முறை வரலாற்றுக்காக 14 ஆக உயர்ந்தது. ஒப்புக்கொள்ள முன்வந்ததற்குக் கால்வாசி கழிவு. 10 வருடம் 6 மாதம். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 7 வருடம் சிறையில். மீதி வெளியே, நிபந்தனைகளோடு. தடுப்புக் காவலில் இருந்த காலமும் அந்த ஏழுக்குள் கழியும்.

"ஏழோ?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

நவம்பர் 17

தண்டனை மிகக் குறைவு என்று நினைத்தால் 28 நாளுக்குள் சட்டமா அதிபருக்கு யாரும் எழுதலாம். அவர் சரியென்று கண்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன்: அந்தப் படிக்கு வழிகாட்டி தரும் எல்லை 8 முதல் 16 வரை. கழிவுக்கு முந்தைய 14 அதற்குள் வசதியாக நிற்கிறது, மாறுவது கடினம். அந்த நீதிபதி ஒன்பது வருடத்தையும் பார்த்தார் என்றுதான் நான் நினைக்கிறேன், அதையும் சொன்னேன்.

"பார்த்தவர்தான், நானும் கேட்டனான். எண்டாலும் எழுதுவம் பிள்ளை. கேக்காமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது."

சரி, எழுதுகிறோம். புதன்கிழமை வருகிறார். அந்த மடித்த தாளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.