லாட்டரிக்குத் தடை, மதுவுக்குக் கடை

2003 தமிழ்நாட்டுக்கு விசித்திரமான வருடம். ஜனவரியில் லாட்டரிச் சீட்டுக்குத் தடை. நவம்பரில் மதுச் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்கு வந்தது. ஒன்றைத் துரத்திவிட்டு, இன்னொன்றுக்கு அரசே கல்லாவில் உட்கார்ந்தது. எல்லை தாண்டினால் கேரள அரசு 1967 முதல் லாட்டரி நடத்திக்கொண்டிருக்கிறது!

பூரண மதுவிலக்கு கேட்கும் ஆள் இல்லை நான். கடைகள் திறந்திருந்தபோதே 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஏழைக்கு அதுதான் மலிவு. எல்லாக் கடையையும் மூடினால் அந்த வியாபாரம் இன்னும் பெருகும்.

குடிக்க அனுமதி இருக்கட்டும், சரி. ஆனால் விற்பதும் அரசு, கண்காணிப்பதும் அரசு, அந்த வருமானத்தை நம்பி பட்ஜெட் போடுவதும் அரசு என்றால், குடியைக் குறைக்க எந்த அமைச்சருக்கு மனசு வரும்? விற்பனையைத் தனியாரிடம் விட்டு, வரியை மட்டும் வாங்கட்டும். அந்த வரியில் ஒரு பங்கு ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் குடிநோய் சிகிச்சைக்குப் போகட்டும்.