அறுபது வருடம் தவறிய என் முதல் உரை

எங்கள் ஊர் வரலாற்று ஆர்வலர் குழு மாதம் ஒருமுறை நூலக மாடியில் கூடும். மூன்று வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவனை, "அடுத்த மாசம் நீங்க பேசுங்க" என்று செயலாளர் மாட்டிவிட்டார். ஊர் எல்லையில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லை எடுத்துக்கொண்டேன்.

சுமைதாங்கி தெரியும்தானே? இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுவது அந்தக் கால வழக்கம்.

கல்லைப் படிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பகலில் ஒன்றுமே தெரியவில்லை. மாவு தடவுங்கள், சாக்பீஸ் தேயுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்; கல்லுக்குக் கெடுதல் என்று செயலாளர் தடுத்துவிட்டார். இருட்டிய பிறகு போய் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எழுந்து வந்தன. 'துன்மதி வருஷம் தை மாதம்' வரை தெளிவு. அதற்குக் கீழே பெயர் தேய்ந்திருந்தது.

இங்கேதான் சறுக்கினேன். தமிழ் வருடப் பெயர்கள் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வருபவை. துன்மதி 1861லும் வந்தது, 1921லும் வந்தது, 1981லும் வந்தது. கல்லில் தும்பிக்கை போல் வளைந்த பழைய 'லை' இருந்ததால் ரொம்பப் பழசு என்று நினைத்து 1861 என்று முடிவு கட்டினேன். அந்த 'லை' 1978 எழுத்துச் சீர்திருத்தம் வரை பாடப்புத்தகத்திலேயே இருந்தது! அப்பாவின் பழைய நோட்டைப் புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும்.

உரைக்கு நாற்பது நிமிடம். நான் அறுபத்திரண்டு ஸ்லைடு செய்து வைத்திருந்தேன். வீட்டில் பேசிப் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிறது. சுமைதாங்கியின் பொது வரலாறு, மற்ற ஊர்க் கல்கள் எல்லாம் போய் இருபத்திநாலு மிஞ்சியது. செயலாளர் சொன்ன ஒன்று மட்டும் பெரிய உதவி: "எடுத்ததும் எழுத்தைக் காட்டாதீங்க. இடத்தைக் காட்டுங்க. இது எந்த இடம்னு அவங்களே சொல்லட்டும்." அப்படியே செய்தேன். முதல் படத்துக்கே "அட, நம்ம புளியமரம்!" என்று நாலு குரல்.

ப்ரொஜெக்டர் பாதியில் அணைந்தது, மைக் கரகரத்தது, அதெல்லாம் எல்லாக் கூட்டத்திலும் நடப்பதுதான்.

1861 என்று நான் சொன்னதும் மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி கையைத் தூக்கினார். "தம்பி, அது எங்க அத்தைக்கு நட்ட கல்லு. எங்கப்பாவோட கூடப் பொறந்த அக்கா. கல்லு நட்டப்ப அவருக்கு ஆறு வயசுன்னு சொல்லுவாரு."

கூட்டம் அமைதியாகிவிட்டது. "அப்பா பிறந்த வருஷம் தெரியுமா பாட்டி?" என்று கேட்டேன். ஜாதகம் பெட்டியில் இருக்கிறதாம். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். 1915. அப்படியானால் 1921 துன்மதிதான். அதன் தை மாதம் 1922 ஜனவரியில் விழும். கணக்கு இம்மி பிசகவில்லை.

'பெயர் சிதைந்துள்ளது' என்று ஸ்லைடில் போட்டிருந்தேன். பாட்டி பெயரைச் சொன்னார். நோட்டை எடுத்தேன், நடுவில் வரும் எழுத்து லகரமா ளகரமா என்று குழப்பம். கேட்டேன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது தம்பி. கல்லுல என்ன இருக்கோ அதைப் போட்டுக்க."

மறுநாள் இருட்டியதும் டார்ச்சோடு போனேன். என்ன பெயர் என்று தெரிந்துகொண்டு பார்த்தபோது தேய்ந்த கோடுகள்கூடப் பிடிபட்டன. ளகரம்தான்.