பன்னிரண்டு நிமிடம் பின்தங்கிய கடிகாரம்

எங்கள் மருத்துவமனைக்கு நெஞ்சுவலி என்று வருகிறவர்களின் விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் என் வேலை. வலி தொடங்கிய நேரம், வாசலுக்கு வந்த நேரம், ஈசிஜி எடுத்த நேரம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்ட நேரம்.

போன மாதம் ஒரு பெரியவரின் கேஸ் ஷீட்டில், அவர் வந்தது 4.10, ஈசிஜி எடுத்தது 4.03 என்று இருந்தது. வருவதற்கு முன்பே எப்படி எடுக்க முடியும்? எழுந்துபோய் மெஷினைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தைவிட அது 12 நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்துவிட்டோம் என்று நம்பிய எத்தனையோ பேருக்கு நாங்கள் தாமதித்திருக்கிறோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தியாவில் 89 மருத்துவமனைகளில் 20,468 மாரடைப்பு, நெஞ்சுவலி நோயாளிகளைப் பதிந்த 'கிரியேட்' பதிவேட்டின் முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. வலி தொடங்கி மருத்துவமனை வந்து சேர, பாதிப் பேருக்கு 360 நிமிடமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. ஏழைகளுக்குச் சரியான சிகிச்சை குறைவாகவே கிடைத்தது. 30 நாளுக்குள் இறந்தவர்களும் அவர்களில்தான் அதிகம். எழுதி வைத்ததால்தானே இது தெரிந்தது!

சரி, இப்போது திங்கள்தோறும் சிஸ்டரக்காவும் நானும் எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றாக்குகிறோம். அப்புறம், "வலி எப்பம்மா ஆரம்பிச்சுது?" என்று கேட்டால், "மாட்டுல பால் கறக்குறப்ப" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பால்காரர் வந்த நேரத்தைக் கேட்டு, அதை வைத்து மணியைக் குறித்துக்கொள்கிறேன்.