நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஆபரேஷன்?

“நல்லா ஓடியாடிட்டு இருக்கிற புள்ளையோட நெஞ்ச எதுக்குக் கண்ணு அறுக்கோணும்?” என் மகளுக்கு இதய ஆபரேஷன் என்று முடிவானதும் என் அப்பா இப்படிக் கேட்டபோது அவருக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்ல எனக்குச் சில நாள் பிடித்தது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் வேறு யாருக்காவது இதே கேள்வி வந்தால் உதவட்டும்.

எங்களுக்குச் சோமனூர் பக்கம். வீட்டுக்காரர் தறி வைத்திருக்கிறார், நான் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறேன். மகளுக்கு 14 வயது. 800 மீட்டர் ஓடுவாள். பள்ளி மைதானத்தில் பயிற்சியின்போது, கடைசிச் சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். சிறிது நேரத்தில் தானாகவே எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல். வெயில், காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அவளுடைய பி.டி. வாத்தியார் அதை ஏற்கவில்லை. “பிரேயர்ல நின்னுட்டு இருந்து மயங்குற புள்ளைங்களை வருசா வருசம் பாக்குறேனுங்க. இது வேற. ஓடிட்டு இருக்கும்போதே விழுந்திருக்கா, நெஞ்சு வலியும் சொல்றா. இதய டாக்டர் பாக்காம இனி மைதானத்துல விட மாட்டேனுங்க” என்று வீட்டுக்கே வந்து சொன்னார். என் மகள் இன்று இருப்பதற்கு முதல் காரணம் அந்த மனிதர்தான்.

கோயமுத்தூரில் குழந்தைகள் இதய மருத்துவர் ஒருவர் எக்கோ பார்த்தார். இதயம் நன்றாக அமுக்கித் தள்ளுகிறது, வால்வுகள் சரியாக இருக்கின்றன, ஓட்டை எதுவும் இல்லை. ஆனாலும் அவர் விடாமல் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனிகள் எங்கே கிளம்புகின்றன என்று தேடியிருக்கிறார். அப்புறம் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்ததில் விஷயம் தெளிவானது.

இதயத்திலிருந்து மேலே போகிற பெரிய ரத்தக்குழாய் மகாதமனி. அதன் அடியில் வலது தமனி வலப்பக்கத்திலிருந்தும், இடது தமனி இடப்பக்கத்திலிருந்தும் கிளம்ப வேண்டும். என் மகளுக்கு இடது தமனியும் வலப்பக்கத்திலிருந்தே கிளம்பியிருந்தது. அந்தத் தமனி கிளம்புகிற வாய் வட்டமாக இல்லாமல் கீறல் மாதிரி ஒடுங்கியிருந்தது. கொஞ்ச தூரம் மகாதமனியின் சுவருக்குள்ளேயே ஓடி, நுரையீரலுக்குப் போகிற பெரிய குழாய்க்கும் மகாதமனிக்கும் நடுவில் புகுந்து இடப்பக்கம் போனது. சும்மா இருக்கும்போது தொந்தரவு இல்லை. வேகமாக ஓடும்போது இதயம் அதிக ரத்தம் கேட்கும், அதே நேரத்தில் பெரிய குழாய்கள் விரியும், சுவருக்குள் ஓடுகிற தமனி நெருக்கப்படும். இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொடுப்பது இந்த இடது தமனிதான். அது அடைபட்டால் துடிப்பு தாறுமாறாகி அப்படியே நின்றுவிடலாம்.

பள்ளிக்கு வருடாவருடம் மருத்துவக் குழு வருகிறதே, அவர்கள் ஏன் சொல்லவில்லை என்று உறவினர்கள் கேட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளியிலேயே பரிசோதிக்க 2013இல் தொடங்கிய அந்த அரசுத் திட்டத்தால் எத்தனையோ பிள்ளைகளின் இதயக் கோளாறு தெரிய வந்திருக்கிறது. ஆனால் இந்தக் குறையில் உதடு நீலமாகாது, ஸ்டெதஸ்கோப்பில் இரைச்சலும் கேட்காது. அமைதியாகப் படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி.யும் பெரும்பாலும் நார்மலாகவே வரும். யாரையும் குறை சொல்ல முடியாது.

அப்பாவுக்கு நான் கடைசியில் சொன்னது ஒரு அமெரிக்கக் கூடைப்பந்து வீரரின் கதை. பீட் மராவிச் என்பவருக்குப் பிறவியிலேயே இடது தமனி இல்லை. அது தெரியாமலே பத்து சீசன் தொழில்முறை ஆட்டக்காரராக ஆடியவர், 1988இல் சும்மா விளையாடிக்கொண்டிருந்தபோது 40 வயதில் விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. “ஓடியாடுறான்னு சொல்லித்தானுங்கப்பா எல்லாரும் விட்டுட்டாங்க” என்றேன். அப்பா அதற்குப் பிறகு மறுத்துப் பேசவில்லை. ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கத் தறிக்குடோனில் வேலை செய்கிற பையன்களைச் சேர்த்தது அவர்தான்.

அத்தையின் கவலை வேறு. “பொட்டப்புள்ள நெஞ்சுல தழும்பு இருந்தா நாளைக்கு ஒரு எடத்துல என்ன சொல்றது?” இதில் மட்டும் நான் துளியும் இறங்கிப் போகவில்லை. தழும்பைப் பார்த்து வேண்டாம் என்கிற வீடு எங்களுக்கும் வேண்டாம் என்று அத்தை முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் பாசத்தில்தான் கேட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் பெண்பிள்ளை என்பதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிற பேச்சு நம் பக்கம் இன்னும் இருக்கிறது, அது எனக்கு ஆகவே ஆகாது.

ஆபரேஷனில் நெஞ்செலும்பைத் திறந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, இதயத்தை நிறுத்தினார்கள். தமனி சுவருக்குள் ஓடிய பகுதியின் கூரையைத் திறந்துவிட்டு, கீறலாக இருந்த வாயை அகலமாக்கினார்கள். வாய்க்கால் மேல் மூடியிருந்த பலகையை எடுத்துவிட்ட மாதிரி. வேறு இடத்திலிருந்து ரத்தக்குழாய் எடுத்து ஒட்டவில்லை, செயற்கைப் பொருள் எதுவும் வைக்கவில்லை. பக்கத்திலேயே மகாதமனி வால்வு இருப்பதால் அது கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் கவனமான வேலை என்று சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு முன்தினம் அவரிடம் என் மகள் கேட்டது ஒன்றே ஒன்று: “மறுபடி ஓடலாமுங்களா டாக்டர்?”

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது, இதையும் சொல்ல வேண்டும். இப்படித் தமனி இடம் மாறிக் கிளம்புகிறவர்களில், வலது தமனி இடப்பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அறிகுறியும் இல்லை, ட்ரெட்மில் சோதனையிலும் ரத்தக்குறைவு தெரியவில்லை என்றால் அவர்களில் பலரைக் கண்காணித்தாலே போதும். இடது தமனி இப்படிப் போகிறது, ஓடும்போது மயக்கமும் வந்துவிட்டது என்றால் காத்திருக்க இடமில்லை.

எலும்பு சேரும்வரை பள்ளிப் பையைக்கூடத் தூக்க விடவில்லை. மூன்று மாதம் கழித்து ட்ரெட்மில் சோதனை, எக்கோ, மறுபடி சி.டி. எல்லாம் சரியாக வந்த பிறகே மெதுவாக ஓட அனுமதித்தார்கள். இப்போது ஓடுகிறாள். வாழ்நாள் முழுக்கப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இரண்டு கோரிக்கை வைத்திருக்கிறோம். ஆசிரியர்கள் எல்லோருக்கும், 108 வரும்வரை நெஞ்சை எப்படி அமுக்க வேண்டும் என்ற பயிற்சி. விளையாட்டுப் போட்டி நடக்கும் இடத்தில் நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி. கருமத்தம்பட்டி, சூலூர், பல்லடம் பக்கத்துப் பெற்றோர் இதையே உங்கள் பள்ளியில் கேட்பதாக இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிய மனுவை அனுப்பி வைக்கிறேன்.