துவாமோட்டுவில் குடிதண்ணீர்

பிரெஞ்சு பாலினேசியாவின் துவாமோட்டு பவளத்தீவுகளில் ஆறு, ஓடை எதுவும் கிடையாது. ஊர்க்காரர்களே மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் புழங்குகிறார்கள். பாய்மரப் படகில் வந்து இறங்கி அவர்களிடம் போய்க் கேனை நீட்டுவது நியாயமில்லை. படகுக்கு இரண்டே வழி: மழை, இல்லாவிட்டால் கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின்.

மழை பிடிக்கும்போது முதலில் வடிவதைத் தொட்டிக்குள் விடாதீர்கள். தார்ப்பாயில் காய்ந்த உப்பும் பறவை எச்சமும் அதோடு போகட்டும். 4 சதுர மீட்டர் தார்ப்பாயில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 40 லிட்டர்.

மெஷினில் கவனிக்க வேண்டியது மெம்பிரேன், அதாவது உப்பைப் பிரித்தெடுக்கும் மெல்லிய சவ்வு. ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசணும். அந்த வெக்கைக்கு, உப்புத்தண்ணீர் உள்ளேயே நின்றால் கிருமி வளர்ந்து நாறிவிடும். அலசும் தண்ணீரில் குளோரின் இருந்தாலோ மெம்பிரேன் காலி. கரி ஃபில்டர் வழியாக விடுங்கள். டீசல் பட்டாலும் மெம்பிரேன் கெட்டுவிடும்; டீசல் மிதக்கும் துறைமுகத்துக்குள் மெஷின் சுவிட்சையே தொடாதீர்கள்.