அக்கா கேட்ட லிஸ்ட்

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை என்றால் என் போன் ஓயாது. "தம்பி, சந்தா கட்டாத ஆக்கள்ட லிஸ்ட்ட ஒருக்கா அனுப்பி விடுங்களன்." மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேலை செய்யும் வெளிக்கள அக்கா ஒருவர். அவர் வைத்த கையோடு அடுத்தவர் எடுப்பார். நான் தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் எழுதி, எக்செல்லில் ஏற்றி, வாட்ஸ்அப்பில் அனுப்பி முடிக்கும்போது பின்நேரம் ஆகியிருக்கும்.

மட்டக்களப்பில் சங்கங்களுக்கான உறுப்பினர் மென்பொருள் ஒன்றைப் பராமரிப்பதுதான் என் வேலை. மாதர் சங்கம், மீனவர் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று பலவும் அதில் இருந்தன. விபரங்களைப் பதிவதற்கு நல்ல திரைகள் செய்திருந்தோம். பதிந்ததைத் திரும்ப எடுக்கத்தான் வழி கிடையாது. இருந்த ஒரே வழி நான்.

அதனால் அவர்களே இணையத்தில் எடுத்துக்கொள்ளும் அறிக்கைப் பக்கம் ஒன்றைக் கட்டினேன். கிராமத்தைத் தெரிவுசெய், திகதியைப் போடு, பெயர், போன் நம்பர் என்று வேண்டிய நிரல்களுக்கு டிக் அடி, பதிவிறக்கு. மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. இனி வெள்ளிக்கிழமை நிம்மதி என்று நினைத்தேன். ஆனால் போன் வராமல் போய்விடுமோ என்று உள்ளுக்குள் ஒரு சின்ன வருத்தமும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன் அன்றைக்கே வந்தது. பெயர்களெல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரிகிறதாம். பக்கம் கொடுத்தது சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. அதை எக்செல்லில் திறந்தால், எழுத்துகள் யூடிஎப்-8 என்ற குறிமுறையில் இருப்பது எக்செல்லுக்குத் தெரியவில்லை. கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்ததும் தமிழ் வந்தது. அடுத்தது அடையாள அட்டை இலக்கம். 2016இலிருந்து வந்த புதிய அட்டையில் 12 இலக்கம். எக்செல் அதை ஒரு பெரிய எண் என்று எடுத்துக்கொண்டு 1.97E+11 என்று சுருக்கிவிட்டது. 077 என்று தொடங்கும் போன் நம்பர்களிலோ முன்னால் இருந்த பூச்சியம் காணாமல் போயிருந்தது. கடைசியில் சிஎஸ்வியைக் கைவிட்டு நேரே எக்செல் கோப்பாகவே கொடுத்தோம், அந்த நிரல்களை எழுத்தாகக் குறித்து. இதெல்லாம் ஒரு நாள் வேலை.

நாள் எடுத்தது வேறொன்று. ஒரு மீளாய்வுக் கூட்டத்தில், ஒரே சங்கத்தின் உறுப்பினர் தொகையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூவரும் என் அறிக்கைப் பக்கத்திலிருந்து எடுத்த தாளைத்தான் கையில் வைத்திருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இரவிருந்து தேடினேன். அது ஒரு மரண உதவிச் சங்கம். உதவிப் பணம் கொடுத்த கணக்கு இறந்தவரின் பெயரில்தான் கிடக்கும் என்பதால் அவரது பதிவை அழிக்க முடியாது. ஒருவர் எடுத்த தொகையில் இறந்தவர்களும் இருந்தார்கள். இன்னொருவர் அவர்களை நீக்கியிருந்தார். மூன்றாமவர் அடையாள அட்டை இலக்கத்தை வைத்து எண்ணியிருந்தார். அதில் ஒரே ஆள் இரண்டு முறை வந்திருந்தார்: பழைய ஒன்பது இலக்கமும் 'வி'யும் ஒரு பதிவில், புதிய பன்னிரண்டு இலக்கம் இன்னொன்றில். பழையதன் முன்னால் 19ஐயும் நடுவில் ஒரு பூச்சியத்தையும் போட்டு 'வி'யை எடுத்தால் புதியது வந்துவிடும். அதைச் செய்யாமல் எண்ணினால் தொகை கூடத்தான் செய்யும்.

நான் எழுதி அனுப்பிய காலத்தில் இந்தத் திருத்தங்களையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் நானே செய்து வந்திருக்கிறேன். செய்கிறேன் என்பதே எனக்கு நினைவில்லை.

'நிலுவை' இதைவிடச் சிக்கல். மூன்று மாதம் கட்டாவிட்டால் நிலுவை, சிவப்பில் காட்டு என்று அறிக்கைப் பக்கத்தில் வைத்திருந்தேன். டிசம்பரில் படுவான்கரைக் கிராமங்கள் முழுக்கச் சிவப்பாகிவிட்டன. அங்கே பெரும்போக அறுவடை ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் வரை போகும். நெல் விற்ற பிறகுதான் மொத்தமாகக் கட்டுவார்கள். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் மீனவர் சங்கங்களும் அதே மாதம் சிவப்பு. அங்கே காரணம் வடகீழ்ப் பருவக்காற்று, தோணிகள் கரையில். முன்பெல்லாம் அக்கா லிஸ்ட் கேட்கும்போது, "வயல்காரர விட்டுட்டு அனுப்புங்க" என்று கூடவே சொல்வார். அந்த ஒரு வரிக்கு என் பக்கத்தில் இடமே இல்லை.

சரி, திரும்ப உட்கார்ந்தோம். எந்த மாதம் கட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு சங்கமும் தானே குறித்துக்கொள்ளும்படி மாற்றினோம். ஒவ்வொரு அறிக்கையின் தலையிலும் இரண்டு வரி: "இறந்தவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை. நேற்று இரவு வரை பதிந்த விபரம்." இரண்டாவது வரிக்குக் காரணம் உண்டு. யாராவது பெரிய அறிக்கை எடுத்தால் ரசீது பதிகிறவர்களின் திரை உறைந்து போனது. அதனால் இரவில் எடுத்து வைக்கும் தரவுப் பிரதியொன்றிலிருந்து அறிக்கைகள் வரும்படி மாற்றிவிட்டோம். யார் எந்தக் கிராமத்தைப் பார்க்கலாம், போன் நம்பர் யாருக்குத் தெரியலாம் என்பதற்கும் கட்டுப்பாடு போட்டோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதை யாரும் வீண்வேலை என்று சொல்லவில்லை.

அடுத்த கடைசி வெள்ளி, போன் அடித்தது. அதே அக்கா.

"லிஸ்ட் நானே எடுத்திட்டன் தம்பி. கடைசியில ஒரு வெறும் நிரல் வேணும்."

"அதில என்ன வரணும் அக்கா?"

"ஒண்டும் வேணாம். வீட்டுக்குப் போனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காரணம் சொல்லுவாங்க. நான் பேனையால எழுத."

அகலம் எவ்வளவு வைக்க என்று கேட்டேன். "நாலு விரல்" என்றார்.